பூஜைக்கு அடித்த பச்சைப் பெயின்ட்

போன மாதம் சின்ன தொரை என் வீடு தேடி வந்தார். பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உதவி மேனேஜர். நல்ல பிள்ளை. நான் அந்தத் தோட்டத்து வேர்க்ஷொப்பில் முப்பத்தெட்டு வருஷம் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் தச்சரைப் பாஸ் என்பார்கள். "லிங்கம் பாஸ், நம்ம ட்ரெக்டருக்கு புது ட்ரெய்லர் வந்திருக்கு. சாமான் ஏத்துற தட்டு பலகையிலதான் போட்டிருக்காங்க. அத எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வேர்க்ஷொப் சுவத்துல ஒட்டிடறேன்" என்றார்.

எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஏழு வரிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் எட்டாவதில் நின்றுவிட்டார். "ட்ரெய்லரில் ஏறுகிறவர் கேட்டால் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுக்கவும்." அவர் என்னைப் பார்த்தார். "இது என்னா பாஸ்? ஏறுற ஆளுக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்?"

"அது ஒரு தாள்ல அடங்காது சார். ஒக்காந்து ஒரு டீ குடிச்சாத்தான் சொல்ல முடியும்."

ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அவருக்கு வேலை இருந்தது, போய்விட்டார். எனக்கோ சொல்ல வாயெடுத்ததைச் சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தேயிலையைப் பலகைப் பெட்டியில் அடைத்துத்தான் கொழும்புக்கு அனுப்புவார்கள். ஆணி பிடிக்கவும் அடிக்கவும் அந்தப் பெட்டியில்தான் கற்றுக்கொண்டேன். பிறகு கடதாசிப் பை வந்தது, பெட்டி நின்றது, என்னை வேர்க்ஷொப்புக்கு மாற்றினார்கள். கதவு, ஜன்னல், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை, பேக்டரியில் கொழுந்து வாட்டும் தட்டு, எல்லாவற்றோடும் ட்ரெக்டர் ட்ரெய்லரும் என் தலையில் வந்து விழுந்தது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் குணபால மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நிவித்திகலப் பக்கத்துச் சிங்களவர், வேர்க்ஷொப்புக்கு அவர்தான் பொறுப்பு. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார், நாங்களும் பாதி சிங்களத்தில் பதில் சொல்வோம். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. நான் அவசரக்காரன். சுத்தியலை எடுத்தால் ஊரே கேட்கும். அவர் பின்னால் வந்து நின்று, "ஹெமின் லிங்கம், ஹெமின்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டிருப்பேன். ஆத்திரமாக வரும். ஆனால் அவர் சொன்னபிறகு அடித்த ஆணி ஒன்றுகூட வளைந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ட்ரெய்லர் தட்டு விஷயத்தில் அவர் பெரிய பிடிவாதக்காரர். எங்கள் ட்ரெய்லர் சும்மா நிற்கும் சாமான் இல்லை. காலையில் உர மூட்டை ஏற்றும், பகலில் கொழுந்துச் சாக்கு, விடியலில் மலைக்கு ஏற்றிப்போன மேல் டிவிசன் பெண்களைச் சாயந்தரம் லயத்துக்குக் கொண்டுவரும். பழுதான ஜீப்பை ஏற்றி டவுன் கராஜுக்குக்கூடக் கொண்டுபோயிருக்கிறோம். உரம் உப்பு மாதிரி, ஆணியைத் தின்றுவிடும். அதனால் உரம் இறக்கின உடனே தட்டைக் கழுவ வேண்டும். கழுவினால் போதாது, முன் பக்கம் ஒரு கல்லை வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும், தண்ணீர் வடிய வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாலங்குல ஆணி ஒன்றின் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சேர்கிற மண்ணையும் தேயிலைக் குப்பையையும் வாரத்துக்கு ஒருநாள் கம்பியால் கிளறிவிட வேண்டும்.

எண்ணெய் போடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். மூன்று நாள் கொட்டகைக்குள் காய விட்டு, லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயை இளஞ்சூடாக்கி, முதலில் அடிப்பக்கம், அப்புறம் அறுத்த முனைகள், கடைசியில்தான் மேல்பக்கம். "ஆள் பாக்கிற எடம் கடைசி" என்பார். ட்ரெக்டரில் வடித்த பழைய எஞ்சின் ஒயிலைப் பூசினால் சும்மா கிடைக்குமே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை. ஒரு பிடி பச்சைக் கொழுந்தை அந்த ஒயில் டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் அதை என் மூக்கில் பிடித்தார். அடேயப்பா! டீசலைக் குடித்த மாதிரி இருந்தது. கொழுந்து எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும், அந்தத் தேயிலையை யார் குடிப்பார்கள்?

மாதத்துக்கு ஒருமுறை சோதனை. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை முனை கூராகத் தீட்டி வைத்திருந்தார். ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, போல்ட்டுக்குப் பக்கத்தில், சட்டம் உட்காரும் இடத்தில் குத்திப் பார்ப்பார். நல்ல மரம் முனையைத் தள்ளிவிடும். உளுத்த மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். பிற்காலத்தில் அவருக்கு முதுகு வலி வந்ததும் அந்த ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். அந்த நாள் ஆயுத பூஜை.

எங்கள் வேர்க்ஷொப் பூஜை என்றால் மூன்று டிவிசனும் வந்துவிடும். ட்ரெக்டர் டிரைவர் மைக்கேல் வேதக்காரன், ஆனால் விபூதி பூச முதல் ஆளாக நிற்பான். வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் ட்ரெய்லருக்குப் புதுப் பச்சைப் பெயின்ட், ஓரத்தில் மஞ்சள் கோடு. அடிப்பவன் நான். முதல் நாள் பைப்பை வைத்துத் தட்டை ஊறஊறக் கழுவுவோம், சாமிக்கு முன்னால் அழுக்கு இருக்கலாமா? அது புரட்டாசி ஐப்பசி மழைக்காலம் வேறு. மறுநாள் விடிந்தால் பூஜை. ஈரத்தின் மேலேயே பெயின்ட் அடிப்பேன். இடைவெளி தெரிந்தால் அழகில்லை என்று புட்டி போட்டு அடைத்துவிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, முடிந்ததும் தட்டு சாப்பாட்டு மேசை மாதிரி பளபளக்கும். "பாஸு கை பாஸு கைதான்" என்பார்கள். எனக்கு நெஞ்சு நிமிரும். குணபால மாத்தயா கேட்டுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சுண்டலை வாங்கிக்கொள்வார், சிரிப்பார், போய்விடுவார். பிடித்திருக்கிறது போல என்றுதான் நான் நினைத்தேன்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. மாதச் சோதனையும் முன்புபோல நடக்கவில்லை. மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறதே, அடியில் போய்ப் படுப்பானேன் என்று தட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருஷம் இருக்கும்போது அது நடந்தது. வைகாசி மழை. பேக்டரி வாசலில் ட்ரெய்லர் நின்றுகொண்டிருந்தது. மேல் டிவிசன் பெண்கள் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டின் மேல் நின்ற பரமேஸ்வரி ஒரு சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தாள். தோட்டத்திலேயே அதிகம் கொழுந்து பறிக்கிற கை அவளுடையது. வாய் அதைவிடப் பெரிது. அந்த மலையில் மற்றப் பெண்கள் கங்காணியைப் பார்க்கமாட்டார்கள், இவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் சாக்கோடு ஒரு அடி எடுத்து வைக்க, பலகை மளுக்கென்று முறிந்துவிட்டது. இடது கால் தொடைவரைக்கும் உள்ளே. அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முறிந்த இடத்தில் மேலே பச்சைப் பெயின்ட் தோல் மாதிரி முழுசாகத் தொங்கியது. அதற்குக் கீழே மரம் டீயில் நனைத்த பாண் ரொட்டி மாதிரி இருந்தது, விரலால் வழித்து எடுக்கலாம். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்களே, அதுதான்.

அந்த வாரமே பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் தோடம்பழம். கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"வாங்க அண்ணே. ஆழம் தெரியாம கால விடாதேம்பாங்க. நான் விட்டுப் பாத்துட்டேன், ஒங்க ட்ரெய்லரு நல்ல ஆழம்."

பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவளும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"ஒன்னு கேக்கவா? அந்தப் பலக இத்துப்போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமா தெரியாது புள்ள."

"தெரிஞ்சு விட்டிருந்தா திட்டிட்டு மறந்திருவேன். தெரியாதுன்னா அது அதவிட மோசம்ணே. நீங்கதான பாஸு? நாங்க ஒங்கள நம்பித்தான ஏறுறோம்?" முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இனி அந்த ட்ரெய்லர்ல என் காலு படாது."

திரும்பி வந்தபோது குணபால மாத்தயா வேர்க்ஷொப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். முறிந்த பலகை முன்னால் கிடந்தது.

"லிங்கம், நான் ஒவ்வொரு வருசமும் பாத்தேன். ஈரத்துக்கு மேல பெயின்ட். புட்டி வேற. வாய் தொறக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மாத்தயா சொல்லல? ஒரு ஆணி கோணினா பத்துத் தடவ சொல்வீங்களே!"

"ஆணி வேற. அது ஒங்க பூஜ." அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சிங்கள மனுசன். பெயின்ட் வேணாம்னு சொன்னா, சாமிய வேணாம்னு சொல்றான்னு நெனப்பீங்கன்னு பயம். அனே, அந்தப் பொம்பள கால்ல போய் முடிஞ்சிச்சே."

"நாங்க ஒங்களுக்குப் புடிச்சிருக்குன்னுல்ல நெனச்சோம்."

அத்தனை வருஷமும் அவர் பேசாததற்கு மரியாதை காரணம், நான் கேட்காததற்குப் பெருமை காரணம். விசாரணையில் மைக்கேல் பாரம் அதிகம் ஏற்றினான் என்று ஒரு பேச்சு வந்தது. மாத்தயா எழுந்து, தட்டு என் பொறுப்பு என்றார். புத்தகத்தில் கையெழுத்து என்னுடையது என்று நானும் சொன்னேன். ரெண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

பழைய தட்டு முழுவதையும் கழற்றி எறிந்தோம். தோட்டத்து எல்லையில் விழுந்திருந்த பலா மரத்தை டவுன் மில்லில் அறுத்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, ரெண்டு மாதம் நிழலில் காயவிட்டோம். கொழுந்துக்கு வாடகை லொறி ஓடியது. பெரிய தொரை தினமும் கேட்டார், "முடிஞ்சதா?" மாத்தயா தினமும் சொன்னார், "ஹெமின் சேர்." இந்தத் தடவை நானும் அவரோடு சேர்ந்து அதையே சொன்னேன். முனைகளை எண்ணெய் டின்னிலேயே முக்கி எடுத்தோம். துருப்பிடிக்காத போல்ட், பெரிய வாஷர், ஆணி கனத்துக்கு இடைவெளி. பெயின்ட் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

ஆனால் ஒரு இடத்தில் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. கடைசிப் பலகை ஒன்றில் ஒரு ஓரம் வெள்ளை மரம். பலாவில் மஞ்சள்தான் வைரம், வெள்ளைக்குப் பூச்சி வரும். மாத்தயா அன்று லீவு. ஒரு ஓரம்தானே என்று அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பி முடுக்கிவிட்டேன்.

புரட்டாசியில் பரமேஸ்வரி வேலைக்கு வந்தாள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. சொன்ன சொல் தவறவில்லை, ட்ரெய்லர் பக்கம் திரும்பாமல் மேல் மலைக்கு மூன்று மைல் நடந்தே ஏறினாள். அவள் நடந்தால் மற்றப் பெண்கள் மட்டும் ஏறுவார்களா? எல்லோரும் நடந்தார்கள். மைக்கேல் சாக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து போவான். ரெண்டு வாரத்தில் அவள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டிஸ்பென்சரி ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்படித் தினமும் நடந்தால் கால் நிற்காது. ட்ரெய்லரில் போ, இல்லையென்றால் மலையை விட்டுவிட்டு பேக்டரியில் உட்கார்ந்து தூசி பொறுக்கு.

"பேக்டரிக்குள்ள அடஞ்சு கெடக்க நான் என்னா மூட்டையா?" என்று அவள் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. ஏறவும் மாட்டாள், மலையை விடவும் மாட்டாள். நான் போய், "புதுத் தட்டு புள்ள, என்னய நம்பு" என்றேன். "ஒங்கள நம்பித்தான் மொதல்ல ஏறுனேன்" என்று உள்ளே போய்விட்டாள். அந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அந்த மலை போனால் அது என் கையால் போனது, வேறு யாரைச் சொல்ல?

பூஜை வந்தது. பச்சை இல்லாமல் எண்ணெய் மட்டும் குடித்து நின்ற தட்டைப் பார்த்துச் சனங்களுக்கு முகமே சரியில்லை. "என்னா இது, மொட்டையடிச்சு நிப்பாட்டியிருக்கீங்க?" என்றான் ஒருவன். கோயில் தலைவர் வேலாயுதம் என் மேல் பாய்ந்தார். "ஒரு டின் பெயின்ட் அடிக்கக்கூட மனசில்லையா பாஸு? சாமி குத்தம் ஆயிரும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டில் நின்ற குணபால மாத்தயா முதல் தடவையாகப் பூஜைக்கு உள்ளே நடந்து வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "தலைவர், சாமிக்கு சந்தனம் வைங்க, பூ வைங்க. மரத்துக்குக் காத்து வேணும். நான் முந்தியே சொல்லியிருக்கணும்." அவர் பேசியதில் எல்லோரும் அடங்கிப்போனார்கள். வேலாயுதமும் முணுமுணுத்துக்கொண்டே கற்பூரத்தட்டை எடுத்தார்.

அப்போதுதான் பெண்கள் கூட்டம் விலகியது. பரமேஸ்வரி இழுத்து இழுத்து முன்னால் வந்து ட்ரெய்லருக்குப் பக்கத்தில் நின்றாள். என்னிடம் கையை நீட்டினாள்.

"அந்தக் குத்திப் பாக்கிற சாமானக் குடுங்க."

படையலில் சந்தனப் பொட்டோடு கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன். கீழே உட்கார்ந்து, வலிக்கிற காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொரு பலகையாகக் குத்த ஆரம்பித்தாள். டக், டக் என்று கேட்டது. பூஜைக்கு வந்திருந்த ஐயர் குறித்த நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கடைசிப் பலகை நினைவு வந்தது. டக், டக், டக். கடைசியில் சத்தம் வரவில்லை.

அவள் கையை வெளியே எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் மாவு மாதிரி மரத்தூள்.

"இது என்னாண்ணே?"

பூச்சி மாவு. ஓரத்தில்தான், ஒரு விரல் அகலம்கூட இல்லை, ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் காலைப் பார்த்தேன். சொல்லவில்லை.

"வெள்ள மரம். தெரிஞ்சேதான் போட்டேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வேலாயுதம் தலையில் கைவைத்துக்கொண்டார். "நல்ல நேரம் முடியப்போவுது பாஸு, பூஜய முடிச்சிட்டு மாத்துங்கய்யா!"

"மாத்திட்டுத்தான் பூஜ" என்று ஸ்பேனரை எடுத்தேன். மாத்தயா மறுபக்கம் போல்ட்டைப் பிடித்தார். மிச்சம் இருந்ததில் முழுக்க மஞ்சளாக ஒரு பலகையைத் தேர்ந்து, அளந்து, அறுத்து, முனையை எண்ணெயில் முக்கி, ஆணியைப் படுக்கவைத்து இடைவெளி பார்த்து முடுக்கினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பூஜைக்கு வந்த சனம் அவ்வளவும் வெயிலில் நின்று பார்த்தது. அவ்வளவு நேரமும் மாத்தயா ஒருதடவைகூட ஹெமின் என்று சொல்லவில்லை.

பரமேஸ்வரி புதுப் பலகையையும் குத்திப் பார்த்தாள். முனை வழுக்கிக்கொண்டு போனது. ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கக் கம்பியைப் பிடித்து, இடது காலைத் தூக்கினாள்.

"அடியே, வலது கால வையிடி! நல்ல நாளும் அதுவுமா!" என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கத்தினார்கள்.

"ஒடஞ்சது இதுதான். இதுதான் மொதல்ல பாக்கணும்" என்றாள்.

இடது காலை அந்தப் பலகையின் மேல் வைத்தாள். ஒருதடவை அழுத்தினாள், ரெண்டாந்தடவை ஓங்கி மிதித்தாள். பிறகு முழு ஆளாக மேலே ஏறி நின்று, எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ம், ஏறுங்கடி" என்றாள்.